சிறைக்குப் பின் உயர்கல்வி: சிங்கப்பூரில் கைகொடுப்போருக்கு முழுமையான வழிகாட்டி

சாங்கிச் சிறையில் இருந்தபடியே ‘ஏ’ நிலைத் தேர்வில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பொதுத் தேர்வு) நன்றாகச் செய்தவர், வெளியே வந்து கல்லூரியில் முதல் பருவத்தைக்கூட முடிக்காமல் நின்றுவிடுவது உண்டு. பாடம் புரியாமல் நிற்பவர்கள் குறைவு. அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸ் திறக்கவில்லை, ஆய்வுக்கூட வகுப்பு நேரமும் போதைப்பொருள் கண்காணிப்புக்கான சிறுநீர்ப் பரிசோதனை நேரமும் மோதுகின்றன, கடனுக்குக் கையெழுத்துப் போட ஆளில்லை, வேலையிடப் பயிற்சிப் படிவத்தில் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: இப்படிப்பட்ட சில்லறைச் சிக்கல்கள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன. ஊக்கமூட்டும் பேச்சு இவர்களுக்குச் சிறைக்குள்ளேயே நிறையக் கிடைத்திருக்கும். வெளியில் தேவைப்படுவது நாட்காட்டியும் தாள்களும் பார்த்துச் சரிசெய்து கொடுக்கும் ஓர் ஆள். விரிவுரையாளர், மாணவர் நல அதிகாரி, தொண்டூழியர், வீட்டுப் பெரியவர் என யாராக இருந்தாலும் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான்.

படி 1: விடுதலைக்கு ஆறு மாதம் முன்பே தாள்களைத் திரட்டுங்கள்

‘என்’, ‘ஓ’, ‘ஏ’ நிலைத் தேர்வுகளுக்கான வகுப்புகள் சிறைப் பள்ளியிலேயே நடக்கின்றன. ஆகவே தகுதி கையில் இருக்கும். அதை நிரூபிக்கும் தாள் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. வீடு மாறியிருக்கலாம், அம்மா இறந்திருக்கலாம், பழைய கோப்பு குப்பைக்குப் போயிருக்கலாம். தேர்வுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் சிங்கப்பூர் தேர்வு மதிப்பீட்டுக் கழகத்திடம் அதற்கு ஈடான சான்றறிக்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கை திறக்கும்வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடையாள அட்டையை 30, 55 வயதுகளில் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது பலருக்கும் நினைவில் இருக்காது. முப்பதாவது பிறந்தநாள் உள்ளே கழிந்திருந்தால் அதை முதலில் கேளுங்கள். அடுத்து முகவரி. பழைய வீடு கைவிட்டுப் போயிருக்க, ஆள் மறுவாழ்வு இல்லத்தில் தங்கியிருக்க, கல்லூரிக் கடிதங்கள் மட்டும் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். சிங்பாஸ் பெரும்பாலும் பழைய கைப்பேசி எண்ணோடு கட்டுண்டு கிடக்கும். கல்லூரி விண்ணப்பம், நிதியுதவி, மத்திய சேம நிதி எல்லாவற்றுக்கும் அதுவே சாவி. அதனால் வெளியே வந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை, இந்த வரிசையிலேயே: கைப்பேசி எண், அடையாள அட்டை, சிங்பாஸ், வங்கிக் கணக்கு. வரிசை மாறினால் ஒன்று மற்றொன்றுக்காகக் காத்துக் கிடக்கும்.

விடுதலைத் தேதியைக் கல்வி ஆண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிகள் ஏப்ரலில் தொடங்குகின்றன, பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆகஸ்ட்டில். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் பகுதிநேரப் படிப்புகளுக்கு ஜனவரி, ஜூலை என இரண்டு வாசல்கள். மே மாதம் வெளியே வருபவருக்குத் தொழிற்கல்லூரி வாசல் அப்போதுதான் மூடியிருக்கும். அந்தப் பதினொரு மாத இடைவெளிக்குத் திட்டம் இல்லாவிட்டால் முழுநேர வேலை அதை நிரப்பிவிடும். கையில் சம்பளம் பார்த்தபிறகு படிப்புக்குத் திரும்புவது கடினம். வாரத்தில் மூன்று நான்கு நாள் வேலை, மற்ற நாள்களில் கணிதமும் ஆங்கில எழுத்தும் என்று முன்கூட்டியே பிரித்து வைப்பது நல்லது. முன்னாள் கைதிகளுக்கு வேலை தேட உதவும் எல்லோ ரிப்பன் சிங்கப்பூர் அமைப்பின் வேலை ஆலோசகரிடம் பேசும்போது ‘படிக்கப் போகிறேன்’ என்பதை முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் படிப்பைக் கணக்கில் எடுக்காமல் வேலையை மட்டுமே தேடித் தருவார்.

ஆண் குடிமகனாக இருந்து தேசிய சேவை முடிக்கவில்லை என்றால் அந்தக் கடமை அப்படியே நிற்கிறது. பட்டப்படிப்புக்காக அதைத் தள்ளிப்போட அனுமதி கிடைக்காது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், சேவை முடியும்வரை அந்த இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

படி 2: எந்த நிபந்தனையின்கீழ் வெளியே இருக்கிறார்?

‘விடுதலையாகிவிட்டார்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல நிலைகள் உண்டு. கால அட்டவணை போடும் முன் இது தெரிய வேண்டும்.

சிலர் தண்டனையின் கடைசிக் கட்டத்தைச் சமூகம் சார்ந்த திட்டத்தில் கழிக்கிறார்கள். வீட்டிலோ மறுவாழ்வு இல்லத்திலோ இருந்தாலும் இவர்கள் இன்னும் கைதிகள்தாம். காலில் மின்னியல் பட்டை இருக்கும், ஊரடங்கு நேரமும் (வெளியே போகாமல் தங்குமிடத்தில் இருக்க வேண்டிய நேரம்) இருக்கும். சிலர் 2014ல் வந்த கட்டாயப் பிந்தையப் பராமரிப்புத் திட்டத்தில் இருப்பார்கள். அதில் மறுவாழ்வு இல்லம், வீட்டுக் கண்காணிப்பு, சமூக மறு ஒருங்கிணைப்பு என்று கட்டம் கட்டமாகக் கட்டுப்பாடு தளரும். மூன்றில் இரண்டு பங்கு தண்டனை முடித்து நிபந்தனைத் தண்டனைக் குறைப்பில் வந்தவருக்கு அன்றாடக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் மீதிக் காலத்தில் மறுபடி குற்றம் செய்தால் புதிய தண்டனையோடு பழைய பாக்கியும் சேரலாம். போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்திலிருந்து வந்தவர்கள் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் ஐந்தாண்டுக் கண்காணிப்பில் இருப்பார்கள். குறித்த நேரத்தில் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதே தனிக் குற்றம். ‘சார், குழுப்பணி முடியவில்லை’ என்பது அங்கே செல்லாது.

எனவே பருவம் தொடங்க இரண்டு வாரம் முன்பே ஒரே தாளில் மூன்று வரிசை போடுங்கள்: வகுப்பு நேரம், பரிசோதனை அல்லது சந்திப்பு நேரம், ஊரடங்கு நேரம். பயண நேரத்தையும் சேருங்கள். புக்கிட் தீமா பக்கம் மாலை ஆறு மணிக்கு ஆய்வுக்கூடம் முடிந்து பாசிர் ரிஸ் வீட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும், ரயில் தாமதத்துக்கு இன்னும் அரை மணி. மோதல் இருந்தால் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் பாடத்தின் பெயர், கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், பருவத்தின் கடைசித் தேதி, தேர்வுத் தேதிகள் இருக்க வேண்டும். ‘மாணவர் முழுநேரம் படிக்கிறார்’ என்ற பொதுக் கடிதத்தை வைத்து எந்த அதிகாரியும் நேரத்தை மாற்ற முடியாது. தேர்வு தேதி மாறினால் கடிதமும் மாற வேண்டும். இதை மறந்து மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

கண்காணிப்பில் இருப்பவருக்கு நம் வீட்டுச் சமையலிலும் ஒரு பொறி உண்டு: கசகசா. சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்ட பொருள். ஆனால் ஊருக்குப் போய் வந்தவர்கள் பெட்டியில் கொண்டுவந்து குருமாவில் அரைத்துவிடுவதுண்டு. கசகசாவில் மார்ஃபின் இருக்கலாம், பரிசோதனையில் அது தெரியவும் கூடும். கோடீன் கலந்த இருமல் மருந்தும் அப்படித்தான். மருத்துவரிடம் நிலைமையைச் சொல்லி மருந்து வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

படி 3: வேலையிலிருந்து பின்னோக்கிப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் மூன்றாண்டு உழைப்பு வீணாகும். படிக்க அனுமதிக்கும் கல்லூரி வேறு, வேலைக்கு உரிமம் தரும் அமைப்பு வேறு. பாலர் கல்வி, பள்ளி ஆசிரியர் பணி, தாதிமை, பாதுகாவல் பணி, நிதித் துறை, சட்டம் ஆகியவற்றில் பின்னணிச் சோதனையோ ‘தகுதியும் பொருத்தமும் உடையவர்’ என்ற அளவுகோலோ உண்டு.

சிறைக்குள் தமிழ் வாசிப்பில் ஊறியவர்கள் தமிழையே படிக்க விரும்புவது இயல்பு. இரண்டு வழிகள் கண்ணில் படும். நீ ஆன் தொழிற்கல்லூரியின் தமிழ்ப் பட்டயப் படிப்பு பாலர் கல்வியோடு இணைந்தது. குழந்தைகளோடு பழகும் பயிற்சி வரும், அங்கே பின்னணிச் சோதனையும் வரும். சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் பகுதிநேரத் தமிழ் மொழி, இலக்கியப் பட்டத்தில் இந்த முட்டுக்கட்டை குறைவு. ஆனால் பட்டம் வாங்கியபின் பள்ளி ஆசிரியர் பணிக்கு முயன்றால் அதே கேள்வி திரும்பி வரும். இரண்டையும் சேருமுன்பே சொல்லிவிடுங்கள்.

அதற்காகக் கதவு மூடியது என்று நீங்களாகவே தீர்ப்புச் சொல்லவும் கூடாது. சிறையில் ‘ஏ’ நிலை எழுதி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து வழக்கறிஞரானவர் இங்கே உண்டு. குற்றத்தின் வகை, கழிந்த ஆண்டுகள், இடையில் செய்தவை எல்லாம் எடைபோடப்படும். சம்பந்தப்பட்ட உரிம அமைப்புக்குப் பெயர் குறிப்பிடாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: ‘இன்ன வகைக் குற்றம், இத்தனை ஆண்டு தண்டனை, விடுதலையாகி இத்தனை ஆண்டு. விண்ணப்பம் எப்படிப் பரிசீலிக்கப்படும்?’ எழுத்தில் வரும் பதிலைக் கோப்பில் வையுங்கள்.

கணினி, பொறியியல், தளவாடம், சமையல் கலை, வடிவமைப்பு, கணக்கியலின் சில பிரிவுகள் ஆகியவற்றில் தடை ஒப்பீட்டளவில் குறைவு. சமூகப் பணி படிக்க ஆசைப்படுவோர் நிறையப் பேர். அது நல்ல தேர்வுதான், ஆனால் களப்பயிற்சி எங்கே என்பதை முதலாண்டிலேயே பேசித் தீர்க்க வேண்டும்.

படி 4: படிவத்தில் வரும் அந்தக் கேள்வி

‘நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா?’ என்ற கேள்வி பல்கலைக்கழகப் படிவங்களில் வரும். சொல்லுக்குச் சொல் படியுங்கள். போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்தில் இருந்தது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. தீர்ப்பைப் பற்றி மட்டும் கேட்டால், அங்கே மட்டுமே இருந்தவர் ‘இல்லை’ என்று எழுதுவது பொய்யாகாது. ‘எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டதுண்டா’ என்று கேட்டால் பதில் மாறும்.

அடுத்து, காலாவதியான பதிவு. குற்றவாளிகள் பதிவுச் சட்டத்தின்படி, தண்டனை மூன்று மாதச் சிறைக்கோ 2,000 வெள்ளி அபராதத்துக்கோ மேற்படாமல், வேறு தீர்ப்பு எதுவும் பதிவில் இல்லாமல், மூன்றாம் அட்டவணையிலுள்ள கடுங்குற்றமாகவும் இல்லாமல் இருந்தால், ஐந்தாண்டு குற்றமின்றிக் கழிந்ததும் பதிவு காலாவதியாகும். சிறை சென்றவருக்கு அந்த ஐந்தாண்டு விடுதலை நாளிலிருந்து ஓடத் தொடங்கும். அதன்பின் ‘குற்றப்பதிவு இல்லை’ என்று சொல்லச் சட்டமே இடம் தருகிறது. இந்த உரிமை இருப்பது தெரியாமல், பத்தாண்டு பழைய சிறு குற்றத்தைப் படிவம் படிவமாக எழுதிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பதிவு நடப்பில் இருந்தால் மறைக்கக் கூடாது. சேர்ந்தபின் தெரியவந்தால் இடம் பறிபோகும். அப்போது பழைய குற்றம் காரணமாக இருக்காது, புதிய பொய்தான் காரணமாக இருக்கும். விளக்கக் கடிதம் ஒரு பக்கத்துக்குள், 200 சொல்லுக்குள் அடங்கட்டும். நான்கே பகுதிகள்: என்ன நடந்தது (இரண்டு வரி), தண்டனையும் முடிந்த தேதியும், அதன்பின் செய்தவை (தேர்வு, வேலை, தேதிகளோடு), உறுதிசெய்யக்கூடிய ஒருவரின் பெயர். கடிதம் ஆங்கிலத்தில் போகும். தொனி இப்படி இருக்கட்டும்:

‘போதைப்பொருள் கடத்திய குற்றத்துக்காக ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றேன். குற்றத்தை ஒப்புக்கொண்டேன். உள்ளே இருந்தபோது ஓ நிலை, ஏ நிலைத் தேர்வுகளை முடித்தேன். விடுதலையானது முதல் ஒரே நிறுவனத்தில் வேலை செய்கிறேன். என் மேற்பார்வையாளர் இதை உறுதிசெய்வார்.’

குழந்தைப் பருவ வறுமை, கூடாநட்பு, அம்மாவின் கண்ணீர் எல்லாம் இதில் வேண்டாம். எழுதுபவருக்கு அவை உண்மையாக இருக்கலாம். படிக்கும் குழுவுக்குச் சாக்காகத் தெரியும். நேர்காணலிலும் இதே நான்கு பகுதிகளை இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழக்குங்கள். ஐந்து முறை வாய்விட்டுச் சொன்னால் நடுக்கம் குறையும்.

படி 5: பணம்

குடிமகனுக்கு அரசாங்கக் கட்டண மானியம் உண்டு. ஆனால் ஏற்கெனவே மானியத்தோடு ஒரு பட்டயப் படிப்பு முடித்தவருக்கு அதே நிலையில் இரண்டாவதற்கும் அதே சலுகை கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். மீதிக் கட்டணத்துக்குக் கல்விக் கட்டணக் கடன் உண்டு: தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் மானியம் போக வரும் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை, தொழிற்கல்லூரிகளில் 75 விழுக்காடு வரை. படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. சிக்கல் உத்தரவாதக் கையெழுத்தில்தான். குடும்பம் ஒதுக்கிவிட்டிருக்கலாம், அண்ணன் நொடித்துப்போனவராக இருக்கலாம், அம்மாவுக்கு வயது தாண்டியிருக்கலாம். கட்டணம் கட்டும் வாரத்தில் இதைக் கண்டுபிடிக்காமல், இடம் கிடைத்த அன்றே ‘யார் கையெழுத்துப் போடுவார்?’ என்று கேளுங்கள். ஒருவரும் இல்லையெனில் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திடம் அப்போதே போனால்தான் மாற்று வழி பார்க்க நேரமிருக்கும்.

படிப்புதவி நிதிகள் பெரும்பாலும் குடும்பத் தலா வருமானத்தைப் பார்க்கின்றன. ஒரே முகவரியில் பதிவான அக்காள் கணவரின் சம்பளமும் கணக்கில் சேர்ந்து, உண்மையில் ஒரு காசும் பெறாத மாணவர் வசதியானவராகத் தாளில் தெரிவார். சமூக ஊழியரின் கடிதம் இங்கே உதவும். முன்னாள் கைதிகளுக்கென்று எல்லோ ரிப்பன் நிதியின் ஸ்டார் படிப்புதவி உள்ளது. முன்னாள் கைதிகளுக்கான கூட்டுறவுச் சங்கமான இஸ்கோஸ், போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கமான சானா, 1956 முதல் இயங்கும் சிங்கப்பூர்ப் பிந்தையப் பராமரிப்புச் சங்கம் ஆகியவற்றிடமும் கேட்கலாம். இந்தியக் குடும்பங்களுக்குச் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்). இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமம் மறுவாழ்வு இல்லத்தில் தங்கியிருப்பவர் அங்குள்ள ஊழியரிடமே தொடங்கலாம்.

நாற்பதும் அதற்கு மேலும் வயதான குடிமக்களுக்கு 2024 மே மாதம் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத் தொகை வந்தது. முழுநேரப் படிப்புக்கு மாதம் 3,000 வெள்ளி வரை பயிற்சிப் படித்தொகையும் உண்டு. ஆனால் அந்தப் படித்தொகை அண்மைய வருமானத்தின் சராசரியில் பாதி. நேற்று வெளியே வந்தவருக்குச் சராசரி ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஓராண்டு மத்திய சேம நிதிச் சந்தாவோடு வேலை பார்த்துவிட்டுச் சேர்ந்தால் கிடைக்கும் தொகை வேறு.

படி 6: முதல் பருவம்

உள்ளே இணையம் இல்லாமல் படித்தவர் கையெழுத்தில் அருமையான கட்டுரை எழுதுவார். கல்லூரித் தளத்தில் அதைப் பதிவேற்றத் தடுமாறுவார். எட்டாண்டு உள்ளே இருந்தவருக்குக் கியூஆர் குறியீட்டில் சாப்பாடு வாங்குவதே புதிது. வகுப்பு தொடங்குமுன் ஒரு மணி நேர அமர்வாக ஆறு போதும்: கல்லூரி மின்னஞ்சலும் இரட்டைச் சரிபார்ப்பும், பாடத்தளம், பகிர்ந்து எழுதும் ஆவணம், காணொளிச் சந்திப்பு, நூலகத் தரவுத்தளம், மேற்கோள் காட்டும் முறை. கடைசி அமர்வில் சாட்ஜிபிடி போன்றவற்றைப் பற்றிய கல்லூரி விதியையும் சேருங்கள். எது அனுமதி, எது மோசடி என்பது தெரியாமல் ஒழுங்கு விசாரணைக்குப் போவது இவருக்கு மற்ற மாணவர்களைவிடப் பல மடங்கு பாரம்.

பகுதிநேரம் படித்துக்கொண்டே வேலை செய்பவர் முதல் பருவத்தில் இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். ‘இழந்த காலத்தை ஈடுகட்ட வேண்டும்’ என்று நான்கு எடுப்பார்கள். பேசித் தடுங்கள். சிறையில் மணியடித்துத் தொடங்கிய நாள், இங்கே தானாகத் தொடங்காது. அதனால் வாராவாரம் ஒரே நாள், ஒரே நேரம், இருபது நிமிடம் சந்தியுங்கள். ‘எப்படி இருக்கீங்க, தம்பி?’ என்று கேட்டால் ‘ஓகே சார்’ என்றுதான் வரும். ‘அடுத்த வாரம் என்ன ஒப்படைக்கணும்? எவ்வளவு முடிஞ்சிருக்கு, காட்டுங்க’ என்று கேளுங்கள்.

படி 7: யார் யாருக்குத் தெரிய வேண்டும்

கூடியவரை மூன்று பேர்: ஒரு மாணவர் நல அதிகாரி, அட்டவணையை மாற்ற அதிகாரம் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வேலையிடப் பயிற்சிப் பொறுப்பாளர். ஒவ்வொருவருக்கும் சொல்லுமுன் மாணவரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். பாட ஆசிரியருக்கு ‘புதன் மாலை ஐந்துக்கு இவர் போக வேண்டும், அனுமதி உண்டு’ என்பது போதும்.

வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுமுன், உறவினர்களிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘துபாயில் வேலை’ என்று சொல்லியிருக்கும் வீட்டில் நீங்கள் சித்தப்பாவிடம் வாய்தவறிவிட்டால் அடுத்த தீபாவளிக்கு அவர் வீட்டுக்கே போகமாட்டார். வகுப்புத் தோழர்கள் பெயரைக் கூகலில் தேடத்தான் செய்வார்கள், பழைய செய்தியும் வரும். அதற்கு ஒரு வரிப் பதில் தயாராக இருக்கட்டும்: ‘ஆமாம், நான்தான். தண்டனை முடிஞ்சிடுச்சு, இப்போ படிக்கிறேன்.’ அதற்குமேல் விளக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. கல்லூரி விழாவில் ‘மனம் திருந்திய மாணவர்’ என்று மேடையேற்றும் யோசனையை, அவராகக் கேட்டாலொழிய, கைவிடுங்கள்.

படி 8: வேலையிடப் பயிற்சியும் வெளிநாட்டுப் பயணமும்

பயிற்சிக்கு ஒரு பருவம் முன்பே இடம் தேடத் தொடங்குங்கள். விமான நிலையம், வங்கி, மருத்துவமனை, பாலர் பள்ளி ஆகியவற்றில் நுழைவுச் சோதனை கடுமை. முன்னாள் கைதிகளை வேலைக்கு எடுக்கும் முதலாளிகள் பலர் எல்லோ ரிப்பனோடு தொடர்பில் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பயணம் கட்டாயமான படிப்பென்றால் நாட்டைப் பாருங்கள். ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவரையும், போதைப்பொருள் சட்டத்தில் தீர்ப்புப் பெற்றவரையும் அனுமதிக்க மறுக்க ஜப்பானின் குடிநுழைவுச் சட்டத்தில் இடம் உண்டு. அமெரிக்கா, ஆஸ்திரேலிய விசாப் படிவங்களும் கேட்கும். இங்கே பதிவு காலாவதியாகிவிட்டது என்ற சலுகை அங்கே செல்லாது. கண்காணிப்பில் இருப்பவர் நாட்டை விட்டுப் போக முன்அனுமதியும் வாங்க வேண்டும். பயணத்துக்குப் பதிலாக உள்ளூரில் ஒரு திட்டப்பணி செய்ய முடியுமா என்று முதலாண்டிலேயே துறைத் தலைவரிடம் கேட்டு வையுங்கள்.

படி 9: தடுமாறினால்

இரண்டாண்டுக்குள் மறுபடி உள்ளே போகிறவர்கள் அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர். அதனால் இதற்கும் திட்டம் வேண்டும். இரண்டு வகுப்பு தொடர்ந்து வராவிட்டால் அன்றே அழையுங்கள், மூன்றாவதற்குக் காத்திருக்க வேண்டாம். மறுபடி போதைப்பொருள் பக்கம் போனதாகச் சொன்னால், பரிசோதனை நாளுக்கு முன்பே ஆலோசகரிடமும் சிறைத்துறை அல்லது போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அதிகாரியிடமும் தானே போய்ச் சொல்வதன் விளைவுகளை அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மறைக்க உதவாதீர்கள்.

மறுபடி கைதானால் குடும்பம் வழக்கறிஞரைத் தேடி அலையும், கல்லூரியை யாரும் நினைக்கமாட்டார்கள். அந்த வேலை உங்களுடையது. பாடங்களைத் தண்டமின்றி விலக்கிக்கொள்ளும் கடைசித் தேதிக்குள் விடுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் எல்லாப் பாடத்திலும் தோல்வி எனப் பதிவாகி, திரும்பி வரும்போது மறுசேர்க்கையே சிக்கலாகிவிடும். கையெழுத்து மாணவருடையதாக இருக்க வேண்டும் என்பதால், விடுப்புப் படிவத்தைக் குடும்பத்தின் வழியாகவோ வழக்கறிஞர் வழியாகவோ உள்ளே அனுப்பி வாங்குங்கள். அதிகபட்சம் எத்தனை பருவம் விடுப்பு எடுக்கலாம், ஏற்கெனவே முடித்த பாடங்களின் மதிப்பு எத்தனை ஆண்டு செல்லும், கட்டிய கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்ற மூன்றையும் பதிவாளர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலின் ஒரு படியை வீட்டிலும் ஒரு படியை உங்கள் கோப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள்.